தீசியஸின் கோயில், பச்சையப்பரின் பணம்

சென்னையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில், என்.எஸ்.சி. போஸ் சாலையின் நெரிசலுக்குப் பின்னால் ஒரு கிரேக்கக் கோயில் நிற்கிறது. பச்சையப்பன் மண்டபம் என்பது அதன் பெயர். 1846-இல் அஸ்திவாரம் போட்டு 1850-இல் திறந்தார்கள். வரைபடம் தயாரித்தவர் காப்டன் லட்லோ. மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது ஏதென்ஸில் உள்ள தீசியஸ் கோயில். அதாவது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கோயிலின் உருவத்தை, பெரியபாளையத்தில் பிறந்த ஒரு துபாஷ் சிவாலயங்களுக்கென்று எழுதிவைத்த பணத்தில், கம்பெனி ராணுவத்துக் காப்டன் ஒருவர், பூக்கடைக்குப் பக்கத்தில், பிள்ளைகள் இங்கிலீஷ் படிப்பதற்காக எழுப்பினார். இந்த வாக்கியத்தில் உள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை. ஆனாலும் கட்டடம் நிற்கிறது. நகல் என்றதும் முகம் சுளிப்பது நம் விமர்சனத்தின் பழக்கம். முகம் சுளிப்பதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

பச்சையப்ப முதலியார் பிறந்தது 1754-இல். தகப்பனார் இறந்த பின் பிறந்த பிள்ளை. தாய் பிள்ளைகளோடு சென்னைக்கு வந்து நாராயண பிள்ளை என்ற துபாஷின் ஆதரவில் ஒதுங்கினாள். பையனும் அந்தத் தொழிலுக்கே போனான். துபாஷ் என்றால் இரண்டு பாஷைக்காரன். இரண்டு பாஷைகளுக்கு நடுவில் நின்று தரகு பார்ப்பவன். வெள்ளைக்காரனுக்கு ஊரை மொழிபெயர்ப்பான், ஊருக்கு வெள்ளைக்காரனை மொழிபெயர்ப்பான். இரண்டு பக்கமும் கொஞ்சம் கையில் ஒட்டும். தஞ்சாவூர் அரசுக்கும் கம்பெனிக்கும் நடுவே ஓடிய கடன், குத்தகை, வசூல் ஆகியவற்றில் பச்சையப்பர் பெரும் பணம் பண்ணினார். அந்தக் காலத்தில் தஞ்சைச் சீமை கண்ட துன்பத்தையும் அந்தப் பணத்தையும் தனித்தனியே பிரித்துவைத்துப் பேச முடியாது. நம் தர்மவான்களின் வரலாறுகள் இந்த இடத்தைத் தாவித்தான் செல்கின்றன. நான் தாவவில்லை, ஆனால் இங்கே தங்கவும் போவதில்லை.

1794-ஆம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி திருவையாற்றில் இறந்தார். வயது நாற்பது. சாவதற்குச் சில நாட்கள் முன்பு உயில் எழுதியிருந்தார். கோயில் கட்டளைகள், அன்னதானம், சமஸ்கிருதப் படிப்பு என்று போகும் தர்மங்கள். காசியிலிருந்து குமரிவரை என்று சொல்வது வழக்கம். சிதம்பரத்தில் கிழக்குக் கோபுரத் திருப்பணியோடு அவர் பெயர் சேர்ந்திருக்கிறது. லட்சம் வராகன் அளவில் தர்மத்துக்கு ஒதுங்கியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதைதான். வாரிசு, வழக்கு, நிர்வாகிகள், கைமாற்றங்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் கட்டளைகள் தூங்க, வட்டி மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டுப் பணத்தை மீட்டபோது, உயிலில் சொன்ன தர்மங்களுக்குப் போக மிச்சம் லட்சக்கணக்கில் நின்றது. மிச்சத்தை என்ன செய்வது?

இங்கே வருகிறார் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். 1839-இல் சென்னைவாசிகள் சுமார் 70,000 கையொப்பங்களுடன் கவர்னர் எல்பின்ஸ்டனுக்குக் கல்வி கேட்டு விண்ணப்பம் கொடுத்தார்கள். நார்ட்டன் அந்த இயக்கத்தின் நண்பர். மிச்சப் பணம் படிப்புக்குத் திரும்பியதில் அவர் கை பெரிது. 1842 ஜனவரியில் பிராட்வேயில் பச்சையப்பன் மத்தியப் பாடசாலை திறந்தது. மிஷன் பள்ளிக்கூடங்களுக்குப் போனால் பிள்ளை மதம் மாறிவிடுவான் என்ற பயத்தில் இருந்த வீடுகளுக்கு இது பெரும் ஆறுதல். இடம் போதாமல் ஆனபோது எஸ்பிளனேடில் மண்டபம் எழுந்தது. அஸ்திவாரக் கல் நாட்டியவர் நார்ட்டன். திறந்துவைத்தவர் கவர்னர் ஹென்றி பாட்டிஞ்சர்.

கோயிலுக்கு எழுதிய பணம் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. பள்ளிக்கூடமோ கோயில் உருவத்தில் வந்து நின்றது. உயிலின் எழுத்தை மீறிய குற்ற உணர்வில் யாரோ கல்லிலே ஒரு சமாதானம் பண்ணிக்கொண்டது போல இருக்கிறது. இது என் கற்பனை. நார்ட்டனுக்கோ லட்லோவுக்கோ அப்படி எந்த உணர்வும் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அன்றைக்கு ஐரோப்பியன் உலகத்தில் எந்த மூலையில் நின்று ‘அறிவு’ என்று உச்சரித்தாலும் கூடவே தூண்கள் முளைத்தன, அவ்வளவுதான் விஷயம்.

மூலக் கோயிலின் கதை இன்னும் வேடிக்கையானது. ஏதென்ஸின் பழைய சந்தை வெளியான அகோராவுக்கு மேற்கே ஒரு சிறு மேடு. அதன்மேல் கி.மு. 449 வாக்கில் தொடங்கிக் கட்டிய டோரிக் கோயில். முன்புறம் 6 தூண்கள், பக்கவாட்டில் 13, மூலைத் தூண்களை இருமுறை எண்ணாமல் கணக்கிட்டால் மொத்தம் 34. பெண்டெலிகான் மலைச் சலவைக்கல். தூண்களுக்கு மேலே உள்ள சதுரப் பலகைகள் சிலவற்றில் வீரன் தீசியஸின் சாகசங்கள் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, இது தீசியஸின் கோயில்தான் என்று பின்னால் வந்தவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே சந்தேகம் கிளம்பியது. 1931 முதல் அமெரிக்க ஆய்வாளர்கள் அகோராவைத் தோண்டியதும் விஷயம் தீர்ந்தது. அது ஹெபஸ்டஸின் கோயில். ஹெபஸ்டஸ் கொல்லர்களின் தெய்வம், நொண்டி, தேவர்களின் உலைக்களத்தில் வியர்வை வடிய நிற்பவன். மேட்டைச் சுற்றிலும் உலோகப் பட்டறைகள் இருந்ததற்குத் தடயங்கள் கிடைத்தன. பட்டறைக்காரர்களின் சாமியை ராஜகுமாரனின் பெயரில் அழைத்திருக்கிறார்கள். பெயர் தவறான கோயிலைத்தான் சென்னை நகலெடுத்தது. நகலில் பிழையில்லை, மூலத்தின் விலாசத்தில் பிழை.

அது இன்றுவரை கூரையோடு நிற்பதற்குக் காரணம் அது கோயிலாக நீடிக்காததுதான். கி.பி. ஏழாம் நூற்றாண்டு வாக்கில் அது புனித ஜார்ஜின் தேவாலயமாக மாறியது. துருக்கியர் காலத்தில் வருஷத்துக்கு ஒரே நாள், அந்தப் புனிதரின் திருநாள் அன்று மட்டும் பூஜை நடந்ததால் ‘சோம்பேறி ஜார்ஜ்’ என்று ஊரார் அழைத்தார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. 1830-களில் கிரேக்கம் தனி ராஜ்யமானபோது அது தேவாலயமாக இருப்பதும் முடிந்து அருங்காட்சியகமாகியது. பார்த்தினான் கோயிலில் வெடிமருந்து வைத்து 1687-இல் அது சிதறியதை நினைத்துக்கொண்டால், சோம்பேறி ஜார்ஜுக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

லட்லோ ஏதென்ஸுக்குப் போயிருக்கத் தேவையில்லை. ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இரண்டு இங்கிலீஷ்காரர்கள் 1750-களில் ஏதென்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டடத்தையும் அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தார்கள். ‘ஏதென்ஸின் தொல்சின்னங்கள்’ என்ற அவர்களுடைய நூல் பாகம் பாகமாக வந்தது. தீசியஸ் கோயிலை அளந்து காட்டும் மூன்றாம் பாகம் 1794-ஆம் ஆண்டு தாங்கி வெளிவந்தது. பச்சையப்பர் இறந்த அதே வருஷம். பணம் ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமுமாக ஒன்றையொன்று அறியாமல் அரை நூற்றாண்டு காத்திருந்திருக்கின்றன. தற்செயல்தான், தற்செயலில் அர்த்தம் தேடுவது ஜோசியர் வேலை. ஆனால் படம் என்பது முக்கியம். இந்த மண்டபம் கல்லைப் பார்த்து எழுந்த கல் அன்று. காகிதத்தைப் பார்த்து எழுந்தது. அச்சுக்கு வந்துவிட்ட கோயிலை எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம், புஸ்தகத்தை இறக்குவது போல.

அப்படி இறக்கியும் இருக்கிறார்கள். வியன்னாவில் பூங்கா ஒன்றில் இதே தீசியஸ் கோயிலின் சிறிய நகல் 1823-இல் முடிந்தது. கனோவா செய்த தீசியஸ் சிலையை வைப்பதற்கென்றே கட்டியது. சிலையை 1890 வாக்கில் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். வீடு இருக்கிறது, குடியிருப்பவன் இல்லை. எடின்பரோவில் தாமஸ் ஹாமில்டன் 1829-இல் கட்டி முடித்த ராயல் ஹைஸ்கூலின் நடு மண்டபமும் இதே கோயிலின் சாயல். அதுவும் பள்ளிக்கூடம். சென்னைக்கு 21 வருஷம் மூத்த சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் நாஷ்வில் நகரம் 1897-இல் ஒரு கண்காட்சிக்காகப் பார்த்தினானை முழு அளவில் கட்டியது. கண்காட்சி முடிந்தால் இடித்துவிடலாம் என்பது யோசனை. ஜனங்களுக்கு இடிக்க மனம் வரவில்லை. 1920-களில் கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள். 1990-இல் உள்ளே ஆளுயரம் பல மடங்கு கொண்ட அதீனா சிலையும் வந்து சேர்ந்தது. ஏதென்ஸில் இருப்பது உடைந்தது, நாஷ்வில்லில் இருப்பது உடையாதது. எது பார்த்தினான் என்று ஒரு குழந்தையைக் கேட்டால் அது நாஷ்வில்லைத்தான் காட்டும்.

நான் மண்டபத்தைப் பார்க்கப் போனது ஒரு சித்திரை மாதப் பகலில். உயர் நீதிமன்றப் பக்கம் நின்றால்தான் தூண்கள் கண்ணில் படும். பக்கத்தில் போகப் போகக் கட்டடம் மறைந்துவிடுகிறது. நடைபாதைக் கடைகள், பேருந்துகள், குறுக்கே ஓடும் கம்பிகள். பெல்ட்டும் பர்ஸும் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் நான் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்து, “என்னா சார் தேடுறீங்க?” என்றார். மேலே இருக்கும் தூண்கள் என்றேன். “அது பச்சையப்பா பள்ளிக்கூடம் சார், பழசு” என்றார். கிரேக்கம் என்று சொன்னேன். “இருக்கும் சார், இங்க எல்லாம் வெள்ளக்காரன் கட்னதுதான்” என்று வேறு வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். அவர் வரலாற்றில் ஒரு திருத்தம்தான் தேவை. பணம் வெள்ளைக்காரனுடையது அல்ல.

இந்தத் திருத்தம் சின்ன விஷயம் இல்லை. அதே நகரத்தில் இன்னொரு கிரேக்கக் கோயில் உருவம் இருக்கிறது. இன்று ராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படும் விருந்து மண்டபம். கோல்டிங்ஹாம் என்பவர் கட்டி 1802-இல் திறந்தது. பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கிடைத்த வெற்றிகளுக்கு நினைவுச் சின்னம். அங்கே தூண்களின் பாஷை தெளிவு: நாங்கள் ஜெயித்தோம், இது எங்கள் ரோமாபுரி. எஸ்பிளனேடில் அதே பாஷையை, தோற்ற ஊரின் பணம் பேசுகிறது. ஜெயித்தவனின் இலக்கணத்தைக் கடன் வாங்கி, “எங்கள் பிள்ளைகளுக்கும் இது வரும்” என்கிறது. அடிமைப் புத்தி என்று இதைச் சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள். எனக்கென்னவோ அதில் கொஞ்சம் துபாஷ் தந்திரமும் தெரிகிறது. இரண்டு பாஷைக்காரனின் பணமல்லவா.

இன்னொன்று, பொருள். ஏதென்ஸில் சலவைக்கல். சென்னையில் அந்தக் காலத்துப் பெரிய கட்டடங்கள் செங்கல்லில் எழுந்து சுண்ணச் சாந்தால் வெளுத்தவை. கடற்சிப்பியை நீற்றி எடுத்த சுண்ணாம்பு, வெல்லம், முட்டை வெள்ளை, தயிர் சேர்த்து அரைத்து, பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சலவைக்கல் போல மினுங்கச் செய்வார்கள். ‘மதராஸ் சுண்ணம்’ என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியது இதைத்தான். கிரேக்கக் கோயிலின் தோலை நம் கொத்தனாரின் கை தேய்த்தது. நெய்தல் நிலத்துச் சிப்பி ஏதென்ஸ் மலையின் பாறையாக வேஷம் போட்டது. நகலில் மூலம் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கச் சொன்னால், அந்தக் கூழாங்கல் தேய்ந்த இடத்தில் கிழிப்பேன்.

நமக்கும் நகலெடுக்கும் மரபு உண்டு. தென்காசி இருக்கிறது. ஊருக்கு ஒரு காசி விசுவநாதர் இருக்கிறார். கன்னியாகுமரிக் கடற்கரையில் திருப்பதி தேவஸ்தானம் கட்டிய வெங்கடாசலபதி கோயில் 2019-இல் குடமுழுக்குக் கண்டது. ஆனால் தென்காசிக் கோபுரத்தைப் பார்த்து யாரும் காசியின் நகல் என்று சொல்வதில்லை. நாம் எடுத்துவந்தது காசியின் சாமியை. காசியின் சுவரை அல்ல. கலசத்தில் தண்ணீராக, மந்திரத்தில் பெயராகச் சாமி பிரயாணம் செய்யும். உருவம் அந்தந்த ஊர் ஸ்தபதியின் பொறுப்பு. லட்லோ செய்தது இதற்கு நேர் தலைகீழ். உருவம் மட்டும் வந்தது, தீசியஸும் வரவில்லை, ஹெபஸ்டஸும் வரவில்லை. சாமியை ஏதென்ஸிலேயே விட்டுவிட்டு வீட்டை மட்டும் தூக்கிவந்தார்கள்.

மண்டைக்காட்டில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் எனக்கு ஒரு சௌகரியம். எங்கள் அம்மைக்கு மூலம், நகல் என்ற பிரச்சினையே கிடையாது. (கறாராகச் சொன்னால் மண்டைக்காடு நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே, கல்குளம் தாலுகாவில், குளச்சலை ஒட்டிய கடலோரம். வெளியூர் நண்பர்கள் எல்லாவற்றையும் நாஞ்சில் நாடு என்கிறார்கள், சண்டை பிடிப்பதில்லை.) பகவதி இங்கே புற்று. உளி படாத மண். ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகள் விளையாடிய மந்தைக்காட்டில் புற்று ஒன்று அடிபட்டு ரத்தம் வடித்தது, சந்தனம் பூசியதும் நின்றது என்று கதை. மந்தைக்காடுதான் மண்டைக்காடு ஆயிற்று என்பார்கள். கறையான் கட்டிய உருவம் 12, 15 அடி என்று ஆளுக்கொரு கணக்கில் உயர்ந்து நிற்கிறது. மேலே அம்மையின் முகம். “அம்மை வளருதா மக்கா, நான் சின்னப்பிள்ளையா இருக்கச்சே இவ்வளவு ஒசரமில்ல” என்று ஊர்க் கிழவிகள் சொல்வார்கள். அளந்து பார்த்து மறுக்கலாம். மறுத்து என்ன கிடைக்கப் போகிறது? மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருகிறார்கள். மண்டையப்பம் நேர்ந்துகொள்கிறார்கள். இந்தப் புற்றை எந்த ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் அளந்து அச்சேற்றி வேறு ஊரில் இறக்க முடியாது. உருவத்துக்கு இலக்கணம் இல்லாதபோது நகலும் இல்லை.

தீசியஸ் என்றதும் இன்னொரு பழைய புதிர் ஞாபகம் வருகிறது. புளூடார்க் எழுதியது. தீசியஸ் திரும்பிவந்த கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்துவந்தார்கள். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைப்பார்கள். இப்படியே எல்லாப் பலகைகளும் மாறிய பின், அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நம் ஊரில் இதைப் புதிராக யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பாலாலயம் செய்து, மரத்தையும் சாந்தையும் மருந்தையும் மாற்றி, குடமுழுக்கு நடத்தி, அதே கோயில் என்கிறோம். 2021 ஜூன் 2-ஆம் தேதி மண்டைக்காட்டில் தீப்பிடித்துக் கருவறையின் மேற்கூரை எரிந்தது. ஊர் கலங்கியது, தேவப்பிரசன்னம் பார்த்தார்கள். அம்மைக்கு என்ன குறை, யார் என்ன தவறினார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்தது. கூரை மாறினால் கோயில் அதுவா என்ற கேள்வி ஒருவர் வாயிலும் வரவில்லை. கிரேக்கனுக்குக் கப்பல் பலகையில் இருந்தது. நமக்கு அது பயணியில் இருக்கிறது போலும்.

ஆனால் கிரேக்கர்களை இந்தக் கரை அறியாததல்ல. எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூலை, எகிப்திலிருந்து வியாபாரத்துக்குக் கப்பலேறிய ஒருவன் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதினான். மிளகு, முத்து, துறைமுகம், காற்று, விலை என்று போகும் வறட்டுக் கைப்பிரதி. நடுவில் குமரி வருகிறது. மிச்ச வாழ்நாளைத் தூய்மையாகக் கழிக்க எண்ணுபவர்கள், ஆணும் பெண்ணும், அங்கே வந்து நீராடி மணமின்றித் தங்குகிறார்கள் என்றும், ஒரு தேவி ஒரு காலத்தில் அங்கே தங்கி நீராடியதாகச் சொல்கிறார்கள் என்றும் குறித்துவைக்கிறான். கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூண்களின் நாட்டிலிருந்து வந்த பாஷை இங்கே தேவியையும் கடலையும் குளிப்பையும்தான் கண்டது. கட்டடம் இருந்து அவன் எழுதாமல் விட்டானா என்பது வேறு விசாரணை.

மேற்கே முசிறியில் கதை வேறு. பூட்டிங்கர் வரைபடம் என்று ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ரோமானிய வரைபடத்தின் இடைக்கால நகல், மூலம் தொலைந்துவிட்டது. அதில் முசிறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டடம் வரைந்து ‘அகஸ்டஸின் கோயில்’ என்று எழுதியிருக்கிறது. மிளகு வாங்க வந்தவர்கள் தங்கள் சக்கரவர்த்தி தெய்வத்துக்கு எழுப்பிக்கொண்டதாக இருக்கலாம். அப்படியானால் பச்சையப்பன் மண்டபத்துக்குப் பதினெட்டு நூற்றாண்டு முன்பே இந்தத் தென்கரையில் ஒரு யவனக் கோயில் நின்றிருக்கிறது. மண்ணில் இதுவரை அகப்படவில்லை. நகலாக வந்த வரைபடத்தில் ஒரு படமாக மட்டும் இருக்கிறது. மூலம் அழிந்து நகல் மட்டும் சாட்சி சொல்லும் இடம் இது. நகலை இழிவாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தலாம்.

நம் புதுக்கவிதையை இறக்குமதிச் சரக்கு என்று பண்டிதர்கள் திட்டிய காலத்தில் நம்மவர்கள் சொன்ன பதில் பலவீனமானது. சங்கத்திலேயே இருக்கிறது, சித்தர்களிடமே இருக்கிறது என்று வம்சாவளி தேடிக்கொண்டு ஓடினோம். கட்டடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். வடிவம் எங்கிருந்தும் வரும். காகிதத்தில் வரும், தப்பான பெயரில் வரும், ஜெயித்தவன் கையால் வரும். வந்த பின் உள்ளே யார் உட்கார்ந்தார்கள், என்ன செய்தார்கள் என்பதே விசாரணைக்குரியது. பச்சையப்பன் கல்லூரி 1940-இல் சேத்துப்பட்டுக்குப் போகும்வரை இந்த எஸ்பிளனேடு வட்டாரத்தில்தான் இருந்தது. 1906-இல் கும்பகோணத்துப் பையன் ராமானுஜன் இங்கே எஃப்.ஏ. படிக்கச் சேர்ந்தான். கணக்கு தவிர மற்றதில் தவறினான். யூக்ளிடின் ஜாதிக்காரர்கள் கட்டும் தூண்களின் நிழலில் தமிழ்நாட்டின் மிகப்பெரிய கணித மனம் தேர்வில் தோற்றுக்கொண்டிருந்தது என்று எழுதினால் நாடகமாகிவிடும். ஆனால் நடந்தது அதுதான்.

இன்னொருவர் ஆ. சிங்காரவேலு முதலியார், பச்சையப்பனில் தமிழாசிரியர். வருஷக்கணக்கில் புராணங்களிலிருந்தும் இலக்கியங்களிலிருந்தும் தெய்வங்கள், முனிவர்கள், அரசர்கள், ஊர்கள் என்று பெயர் பெயராகச் சேகரித்து அகர வரிசையில் அடுக்கினார். முதலில் ‘புராண நாமாவளி’ என்று பெயர் நினைத்திருந்தார். அச்சிட ஆள் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில் 1910-இல் ‘அபிதான சிந்தாமணி’யாக வந்தது. கலைக்களஞ்சியம் என்ற வடிவம் ஐரோப்பியச் சரக்குத்தான். உள்ளே இருப்பது நம் மொத்தப் புராண உலகம். சாமியில்லாத கிரேக்கக் கோயிலைச் சேர்ந்த ஒருவர் நம் எல்லாச் சாமிகளையும் எழுத்துக்கூட்டி வரிசையில் நிறுத்திவைத்தார். நகல் வடிவம் ஒன்று ஈடு கட்டிவிட்டது என்றால் எனக்கு இந்த ஒரு புஸ்தகமே போதும்.

ஆனால் வாசலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பச்சையப்பரின் பணம் ஹிந்துக்களின் தர்மப் பணம் என்பதால் 1947 வரை கல்லூரியில் ஹிந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம். சாமியைக் கொண்டுவராதவர்கள் வாசற்காவலை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள். கோயிலின் உருவம் ஏதென்ஸுடையது. கோயிலின் தடை நம்முடையது. அந்த அளவில் அது அசல் தமிழ்க் கட்டடம் என்று தாராளமாகச் சொல்லலாம். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12. அதன் பின்னும் சாமியில்லாத மண்டபத்தின் கதவு முழுக்கத் திறக்க 11 வருஷம் பிடித்திருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பெருமையடித்துக்கொள்ள இடமில்லை. 1982 மார்ச் 1-ஆம் தேதி, கொடை நடக்கும் நாட்களில், கடலில் நீராடப் போவதைப் பற்றிக் கிளம்பிய தகராறு கலவரமாகித் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. நீதிபதி வேணுகோபால் கமிஷன் அமர்ந்தது. பெரிப்ளூஸ்காரன் குமரிக் கரையில் கண்டது குளிப்பை மட்டும். அதே கடலில் இறங்கும் வழிக்காக, கோயிலுக்கும் மீனவர் குடிசைகளுக்கும் நடுவிலிருந்த இரண்டு பர்லாங்கு மணலில் ரத்தம் விழுந்தது. புற்றுக்கு நகல் இல்லை என்று மேலே எழுதினேன். வாசற்காவலுக்கு எங்கும் நகல் உண்டு.

கிரேக்கக் கோயிலைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது தூண்கள் அல்ல. கோயிலின் உள்ளறை சிலைக்கு மட்டுமானது. ஜனங்கள் உள்ளே போய்க் கூடுவதில்லை. பலிபீடம் வெளியே, பெரும்பாலும் கிழக்குப் பார்த்து, திறந்த வானத்தின் கீழே. பலி, நெருப்பு, புகை, பங்கிட்டுத் தின்னல் எல்லாம் வெளியில். கட்டடம் சாமிக்கு, மைதானம் மனிதர்களுக்கு. ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் அங்குலம் அங்குலமாக அளந்தது கட்டடத்தை. புகையை அளக்க வழியில்லை. அதனால் வியன்னாவுக்கும் எடின்பரோவுக்கும் சென்னைக்கும் அது போய்ச் சேரவில்லை. மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டில் தென்னைகளுக்கு அடியில், மணலில் மூன்று கல் கூட்டி, எங்கிருந்தோ வந்த பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பொங்கலிடுவார்கள். ஓலைச் சூட்டின் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் என்று கேளாமல் தீக்கொள்ளி மாற்றிக்கொள்வார்கள். கடைசி நாள் ராத்திரி ஒடுக்கு பூஜைக்கு, வெள்ளைத் துணி போர்த்திய பானைகளை வரிசையாகத் தூக்கிவரும்போது அத்தனை பெரிய கூட்டமும் வாய் திறவாமல் நிற்கும்.